சம்பளம் வாங்காதவருக்கு ஒரு நன்றியுரை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டான் என்று என்னைத் திட்டக் கூடாது. இது கதையாகப் பிறக்கவில்லை. நன்றியுரையாகப் பிறந்தது. அதுவும் என் நன்றி இல்லை, என் அக்காவின் நன்றி. அதுவும் அவளாக விரும்பிச் சொல்கிற நன்றி இல்லை, ஆபீசில் கேட்டு வாங்குகிற நன்றி.

அக்கா துணி துவைக்கும் மெஷின் செய்கிற ஒரு கம்பெனியில், புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மெஷின் சுற்றவில்லை, தண்ணீர் வடியவில்லை, புதுச் சட்டை கந்தலாகிவிட்டது என்று கத்துகிறவர்களிடம் நாள் முழுக்க "உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுதுங்க" என்று சொல்கிற வேலை. கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது. ஓடுகிறது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. நாளைக் காலை பத்து மணிக்கு எல்லா ஊழியர்களையும் கூட்டிவைத்து, எம்.டி.யின் தியாகத்துக்கு நன்றி சொல்லப் போகிறார்கள். பேசப் போவது அக்கா. எழுதித் தர வேண்டியது நான்.

ஏன் நான் என்றால், குடும்பத்தில் எழுதுகிறவன் நான் ஒருத்தன்தான். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றாமல் இருக்க உருக்கமாக ஒரு கடிதமா, என்னிடம் வருவார்கள். பிள்ளைக்குப் பள்ளியில் விடுப்பா, என்னிடம் வருவார்கள். நான் கதை எழுதுகிறேன் என்பதை மட்டும் ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை. போகட்டும்.

2

தொடக்கம், முதல் வரைவு:

"கப்பல் மூழ்கும்போது கடைசியாக இறங்குகிறவரே கேப்டன். நமது எம்.டி. அவர்கள்—"

அடித்துவிட்டேன். இந்தக் கப்பலில் முதலில் இறக்கிவிடப்பட்டவர்கள் கழிவறை கழுவுகிறவர்கள். அடுத்து கேன்டீன்காரர்கள். அடுத்து வாசல் காவலர்களில் பாதிப் பேர். கேப்டன் கடைசியாக இறங்குவார் என்பது வாஸ்தவம்தான், மற்ற எல்லாரையும் தண்ணீரில் தள்ளிவிட்ட பிறகு. இதை நன்றியுரையில் எழுத முடியாது.

இரண்டாம் வரைவு:

"ஒரு தந்தை, தன் பிள்ளைகளின் பசி ஆறிய பிறகே தன் தட்டில்—"

வாந்தி வந்தது. நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் வரைவு:

"எம்.டி. சம்பளம் வாங்குவதில்லை."

இது நன்றாக இருக்கிறது. சின்ன வாக்கியம், அதோடு உண்மையான வாக்கியம். எவ்வளவு பெரிய உண்மை என்பது பின்னால் வருகிறது. இந்த இடத்தில்தான் நன்றியுரை என் கையை மீறிக் கதையாகிப்போனது என்று நினைக்கிறேன்.

3

எம்.டி. சம்பளம் வாங்குவதில்லை. இந்த வருட ஆரம்பத்தில் மேடையில் ஏறி அறிவித்தார். இனி ஒரு காசுகூட வாங்க மாட்டேன், நீங்கள் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கை மட்டும் விட்டுக்கொடுங்கள், போதும் என்றார். சொல்லும்போது அழுதார். நிஜக் கண்ணீர் என்கிறாள் அக்கா, முன்வரிசையில் இருந்து பார்த்திருக்கிறாள். கூட்டம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. தன் சம்பளம் குறைந்ததற்குத் தானே எழுந்து நின்று கைதட்டிய கூட்டம் அது.

அதன் பிறகு மனிதருக்குத் தியாகப் பித்து பிடித்துவிட்டது. இனி நான் லிப்டில் ஏற மாட்டேன் என்றார். லிப்டை நிறுத்திவிட்டார்கள், எல்லாருக்கும். இனி எனக்கு ஏ.சி. வேண்டாம் என்றார். அந்த மாடி முழுக்க ஏ.சி.யை அணைத்துவிட்டார்கள். அவர் எதை விட்டாலும் அது மற்றவர்களிடமிருந்தும் போய்விடும். முழங்கால் வலிக்காரர்கள் நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கும்போது, அவர் டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு அவர்களை முந்திப் படியேறி, "சூப்பர், கமான்!" என்று முதுகில் தட்டிக்கொடுப்பாராம்.

கடைசியாகத் தன் அறையையும் தியாகம் செய்தார். ஊழியர்களோடு ஊழியராக உட்காரப் போகிறேன் என்று புகார்ப் பிரிவுக்கு வந்தார். அவருடைய மேஜை பெரிது. அது நுழைய இடம் வேண்டாமா? மூன்று பெண்களின் இருக்கையை எடுத்தார்கள். அந்த மூன்று பேரையும் தற்காலிகமாக வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.*

[* அடிக்குறிப்பு: தற்காலிகமாக என்றால் அந்தக் கம்பெனியில், இனிமேல் போன் செய்து கேட்காதே என்று பொருள்.]

காலியான அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதில் அந்த மூன்று பெண்களை உட்கார வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதெப்படி, அது எம்.டி.யின் அறை அல்லவா?

4

(இந்தப் பகுதியை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த எம்.டி. பாத்திரம் ரொம்ப மட்டமாக இருக்கிறதோ? ஒரே அயோக்கியனாக எழுதினால் வாசகர் நம்ப மாட்டார் என்பது தொழில் பாடம். அதனால் அக்காவிடமே கேட்டேன்.

"அவன் எப்படிப்பட்ட ஆள்க்கா? உள்ளுக்குள்ள சிரிச்சுக்குவானா?"

"சேச்சே. நல்ல மனுஷன்டா. பார்க்கறப்பல்லாம் உங்க அத்தான் முதுகு எப்படி இருக்குன்னு விசாரிப்பார். எல்லார் பேரும் ஞாபகம் வச்சிருப்பார்."

"வீட்டுக்கு அனுப்பின மூணு பேரோட பேரும்?"

"அதுவும் ஞாபகம் இருக்கும். அனுப்பின அன்னைக்கு அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரே."

பார்த்தீர்களா? நான் எதிர்பார்த்ததைவிட மோசம். அயோக்கியனாக இருந்திருந்தால் தன் வேஷம் தனக்காவது தெரியும். இந்த ஆள் நிஜமாகவே தன்னைத் தியாகி என்று நம்புகிறார். கண்ணாடி முன்னால் நின்றால் கண் கலங்கும் ரகம். பாத்திரத்துக்குக் கொஞ்சம் மனசாட்சி சேர்க்கலாம் என்று போனேன், ஏற்கெனவே தளும்பத் தளும்ப இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனையும் நடக்கிறது.

5

இப்போது கதையின் முக்கியமான சம்பவம். இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் இதைவிட நம்பும்படியாகச் செய்திருப்பேன்.

புகார்ப் பிரிவில் ஒரு விதி உண்டு. பேசுகிற வாடிக்கையாளர் போனை வைக்கும்வரை இந்தப் பக்கம் வைக்க முடியாது. வைக்கக் கூடாது என்பதல்ல, முடியாது. பட்டனே வேலை செய்யாதபடி செய்திருக்கிறார்கள். பாதிப் பேச்சில் வெட்டிவிடுகிறார்கள் என்று யாரோ சொன்னதற்காக எம்.டி.யே செய்ய வைத்த ஏற்பாடு.

ஒருநாள் காலை எம்.டி. ஹெட்போன் மாட்டிக்கொண்டார். ஊழியரோடு ஊழியராகப் புகார் கேட்பதைப் படம் எடுக்கப் போட்டோக்காரர் வந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அக்கா, அவள் ஹெட்போனிலும் அதே பேச்சு கேட்கும். மணி அடித்தது. மறுமுனையில் ஓர் அம்மாள்.

"மெஷின் நிக்க மாட்டேங்குதுப்பா. குளியலறையில போட்டா, துவைச்சு முடிக்கறதுக்குள்ள ஆடி ஆடி சமையலறை வாசலுக்கு வந்துடுது."

எம்.டி. அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவர் கம்பெனி மெஷின் நடக்கும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும் போலிருக்கிறது. அக்கா ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினாள்: நாலு காலும் சமமா இருக்கான்னு கேளுங்க.

"அம்மா, உங்க நாலு காலும் சமமா இருக்காம்மா?"

"என்னது?"

"மெஷினோட... மெஷின் கால்ம்மா."

"புதுசா சேர்ந்திருக்கியா தம்பி?"

போட்டோக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எம்.டி. நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லம்மா. நான்தான் இந்தக் கம்பெனி எம்.டி."

"எம்.டி.யா? எம்.டி. எதுக்குப்பா போன் எடுக்கறே? ஆள் கிடையாதா?"

"ஆள் குறைச்சிருக்கோம்மா. நானே சம்பளம் வாங்காமத்தான் வேலை பார்க்கறேன்." குரல் தழுதழுத்ததாம்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. புல்லரித்துப்போயிருப்பார் என்று எம்.டி. நினைத்திருக்க வேண்டும். போட்டோக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஐயய்யோ! சம்பளம் குடுக்கக்கூட காசில்லையா?"

"அப்படி இல்லம்மா, இது ஒரு தியாகம்—"

"அது கிடக்கட்டும். என் மெஷினுக்கு இன்னும் வாரண்ட்டி முடியலையே, அதுக்கு யார் பொறுப்பு? ஏம்மா, இங்க வாயேன்! நீயும் இதே மெஷின்தானே வாங்கினே? கம்பெனி முழுகுதாம்! யாரோ சொல்லலம்மா, எம்.டி.யே சொல்றார்! இந்தா, நீயே பேசு!"

பக்கத்து வீட்டுக்காரம்மா பேசினார். அவருடைய கணவர் பேசினார். கீழ் வீட்டுக்காரர் வந்து பேசினார். வைக்க முடியாதே! எம்.டி. அந்தப் பட்டனை அமுக்கு அமுக்கென்று அமுக்குகிறார், அது அசையவில்லை. வியர்த்துக் கொட்டுகிறது, ஏ.சி.யும் இல்லை. போட்டோக்காரர் மட்டும் கடமையே கண்ணாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குடியிருப்புக்காரர்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். அதில் இருந்தவர்கள் எல்லாரும் வேறு குழுக்களிலும் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் பரவியது. வாரண்ட்டி என்ன ஆகும் என்று கேட்டு வந்த போன்களில் புகார்ப் பிரிவு திணறிப்போனது. கடைக்காரர்கள் புது மெஷின் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நஷ்டத்தில் இருந்த கம்பெனி தரைதட்டியது, அதன் தலைவர் தன் பெருமையைத் தன் வாயாலேயே சொன்னதால்.

நியாயப்படி கதை இங்கே முடிந்து, நாம் எல்லாரும் சிரித்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

6

போக முடியவில்லை. ஏனென்றால் மறுநாள் மனிதவளப் பிரிவின் அதிகாரி அக்காவைக் கூப்பிட்டார். இவருக்கு அக்கா வைத்திருக்கும் பெயர் சர்க்கரை. பேச்சு அப்படி இருக்கும்.

"மேடம், சார் உங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தார்? நீங்கதானே எடுத்துச் சொல்லியிருக்கணும்?"

"சார், அவர் சம்பள விஷயம் பேசுவார்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கரெக்ட், கரெக்ட். நான் உங்களைத் தப்பே சொல்லல. ஆனா பாருங்க, அடுத்த லிஸ்ட்ல உங்க பேர் வந்திருக்கு. எனக்கே மனசு கேக்கல. சார் ரொம்ப ஒடைஞ்சு போயிருக்கார் மேடம். அவரை உற்சாகப்படுத்தத்தான் இந்தக் கூட்டம். நீங்க நன்றி சொல்லி நாலு வார்த்தை பேசினா, நான் மேல பேசிப் பார்க்கறேன்."

பேசிப் பார்க்கிறேன் என்றுதான் சொன்னார். வேலை நிச்சயம் என்று சொல்லவில்லை. இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு அந்த வேலை ஏன் வேண்டும் என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நீட்டினால் நானும் எம்.டி. மாதிரி கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடுவேன். அத்தானுக்கு முதுகெலும்பில் ஓர் ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் இருக்கிறார். இன்னும் ஒன்று பாக்கி. அதைச் செய்தால் நடப்பார் என்கிறார் டாக்டர். அதற்கான செலவு அக்கா கம்பெனியின் காப்பீட்டில் வருகிறது. வேலை போனால் காப்பீடும் போய்விடும். வீட்டில் வேறு வருமானம் இல்லை. என்னைப் பார்க்காதீர்கள், நான் எழுதிச் சம்பாதிப்பது என் டீச்செலவுக்கே இழுபறி.

7

நன்றியுரைக்கு உதவியாக இருக்கட்டும் என்று சர்க்கரை கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கொடுத்தனுப்பியிருந்தார். பளபளவென்று கனத்த தாள். நடுப்பக்கத்தில் எம்.டி. படியேறுகிற படம். மேலே "தியாகமே தலைமை" என்று கொட்டை எழுத்து. அதற்கு நாலு பக்கம் தள்ளி, அவருக்கான ஊக்கத்தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

எளிமையாகச் சொல்கிறேன். இந்த வருடம் சம்பளச் செலவில் கம்பெனி எவ்வளவு மிச்சம் பிடிக்கிறதோ, அதில் ஒரு பங்கு எம்.டி.க்கு. அவ்வளவுதான். அக்காவிடமிருந்து பிடித்த ஐந்தில் ஒரு பங்கு அந்த மிச்சத்தில் சேரும். வீட்டுக்கு அனுப்பிய மூன்று பெண்களின் முழுச் சம்பளமும் சேரும். எம்.டி. வேண்டாம் என்று விட்ட அவருடைய சம்பளமும் சேரும்! தன் தியாகத்துக்கும் தானே கமிஷன் வாங்குகிற ஏற்பாடு. நாற்பது கதை எழுதியிருக்கிறேன், இப்படி ஒன்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கூட்டிப் பார்த்தால், போன வருடம் சம்பளமாக வாங்கியதைவிட இந்த வருடம் சம்பளம் வாங்காமல் அதிகம் வாங்குகிறார். நாளை அக்காவை அனுப்பிவிட்டால் அதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்வார்.

அறிக்கையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, இதைப் பார்த்தியா!"

"தெரியும்டா."

"தெரியுமா?"

"டீ குடிக்கிற இடத்துல நாலு பிரதி கிடக்கு. எல்லாரும் படிச்சாச்சு. அந்த ஒத்தைப் பக்கம் மட்டும் கசங்கிப்போய் அழுக்கா இருக்கும்."

"படிச்சுட்டுமா சும்மா இருக்கீங்க?"

"சிரிச்சோம். அப்புறம் மணி அடிச்சுது, போய் உட்கார்ந்தோம்."

நான் ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து மூச்சிரைக்க ஓடியிருக்கிறேன். ரகசியமே இல்லை. அச்சடித்து இனாமாகக் கொடுக்கிறார்கள். ஒளித்து வைக்கிற அளவுக்குக்கூட அவர்களுக்கு நம்மிடம் பயமில்லை.

8

ஆக, முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ) அக்கா மேடை ஏறுகிறாள். நன்றியுரையை மடித்து வைத்துவிட்டு, ஆண்டறிக்கையை எடுத்து அந்தப் பக்கத்தை நிதானமாக வாசிக்கிறாள். மண்டபத்தில் சத்தமில்லை. எம்.டி. தலை குனிகிறார். பின்வரிசையில் ஒருவர் கைதட்ட ஆரம்பிக்கிறார், பிறகு இன்னொருவர், பிறகு எல்லாரும்.

ஆ) எம்.டி. எழுந்து மைக்கைப் பிடித்து, "இந்த ஊக்கத்தொகை எனக்கு வேண்டாம், அந்த மூன்று பேரையும்—"

முடிக்கவில்லை. என் கற்பனைக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

இ) அக்கா நன்றி சொல்கிறாள். எம்.டி. அழுகிறார். சர்க்கரை மேலே பேசிப் பார்க்கிறார்.

(மின்சாரம் போய்க் கூட்டம் கலைந்தது என்று நான்காவதாக ஒன்று தோன்றியது. கையாலாகாத எழுத்தாளன் செய்கிற வேலை அது. ஆனாலும் தோன்றியது, மறைப்பானேன்?)

இன்று அக்காவுக்கு வார விடுமுறை, மத்தியானம் அவள் வீட்டுக்குப் போய் அ-வை வாசித்துக் காட்டினேன். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அவள் அத்தானைப் புரட்டி இடுப்புக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கேட்டாள்:

"நல்லா இருக்குடா. பேசிட்டு?"

"பேசிட்டு... எல்லாரும் கைதட்டறாங்க."

"தட்டி முடிச்சுட்டு?"

அதற்கு மேல் நான் எழுதியிருக்கவில்லை.

"தட்டி முடிச்சுட்டு அவங்கவங்க இடத்துக்குப் போய் உட்காருவாங்க," என்றாள் அக்கா. "நான் எங்கடா போறது? உன் கதை நல்லா வரணும்னா என் வேலை போகணும், உங்க அத்தான் படுக்கையிலேயே கிடக்கணும். பேர் மட்டும் உனக்கு. அந்த மனுஷன் இதைத்தானே பண்றார்? விடறதெல்லாம் அடுத்தவங்களோடது. நீயுமாடா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை பக்கமாக ஓர் ஆளைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டு வந்தேன். அதே வேலையை நானும் செய்துகொண்டிருந்தேன் என்பது என் அக்கா சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

அத்தான் படுத்தபடியே, "மாப்பிள்ளை, அந்தக் கைதட்டற இடம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு," என்றார். பிறகு அக்காவிடம், "எனக்காகப் பார்க்காதேம்மா. ஆபரேஷன் இல்லேன்னா என்ன, இப்படியே இருந்துட்டுப் போறேன். மனசுல பட்டதைப் பேசு" என்றார்.

"நீங்களும் தியாகம் பண்ண ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று எரிந்து விழுந்தாள் அக்கா. "வீட்டுக்கு வீடு ஒருத்தர் கிளம்பிட்டாங்கப்பா! சும்மா படுங்க."

அத்தான் சிரிக்க முயன்றார். சிரித்தால் முதுகில் இழுக்கும். அதனால் பாதியில் நிறுத்திக்கொண்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

9

நான் கிளம்பும்போது, ஒருவழியாக எழுதி முடித்திருந்த நன்றியுரையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அக்கா அதை மட்டும் வாங்கிக்கொண்டாள். இன்னொன்று, அந்த அ, என் மேஜையில் கிடக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்கு அவள் எதைப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் அவள் ஒருமுறை கேட்டிருக்கிறாள், அவளுக்கு ஞாபகசக்தி அதிகம். என்னால் அவளை ஒரு பக்கமாகத் தள்ளிவிட முடியும், எழுதுகிறவன் நான்தானே. தள்ள மாட்டேன். இனி அவள் வாயில் ஒரு சொல்லையும் நான் வைக்கப் போவதில்லை.

ஆனால் உங்களை எனக்குத் தெரியும். நீங்கள் அ-வைத்தான் விரும்பினீர்கள். பின்வரிசையில் முதலில் கைதட்டியது யார் என்று நினைத்தீர்கள்? நீங்கள்தான். நல்லது. அக்கா உண்மையைப் பேசட்டும் என்று தோன்றினால் அப்படியே எழுதி முடித்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஒரே ஒரு வேலை மட்டும் செய்துவிடுங்கள். அதற்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போய், இனி அந்த ஆபரேஷன் கிடையாது என்று அத்தானிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அழைப்பு மணி அடிக்க வேண்டாம், கதவைத் தள்ளினாலே திறக்கும். பகலில் அதை யாரும் தாழ் போடுவதில்லை. எழுந்து வந்து திறக்க அவரால் முடியாது.